சிட்ரோயன் ஸ்பியர் மாற்றும்போது செய்யக்கூடாதவை

சிட்ரோயன் பிஎக்ஸ், சான்டியா மாதிரி கார்களில் சஸ்பென்ஷனுக்கு ஸ்பிரிங் கிடையாது. அந்த இடத்தில் சக்கரத்துக்கு ஒன்றாக ஓர் இரும்பு உருண்டை இருக்கும். ஸ்பியர் என்பார்கள். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. அதற்கு ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் ஆயில். 1954-இல் ட்ராக்ஷன் அவான் காரின் பின்சக்கரங்களில் ஆரம்பித்து, அடுத்த ஆண்டே டிஎஸ் காரில் நான்கு சக்கரங்களுக்கும் வந்த ஏற்பாடு இது. அந்த நைட்ரஜன் ரப்பர் வழியாக வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துவிடும். மெத்தையில் மிதப்பது போல் போன வண்டி, சின்னக் குழிக்கும் தூக்கிப்போடும். ஸ்பியர் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான். ஆனால் கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம் அழுத்தம். இந்த சஸ்பென்ஷனின் ஆயில் குழாய்களில் இருப்பது சுமார் 150 பார். சாதாரண ஷாக் அப்சார்பர் மாற்றிய பழக்கத்தில் இதில் கை வைக்கக் கூடாது.

முதல் தவறு, உயிருக்கே ஆபத்தானது. வண்டியின் உயரத்தை மாற்றும் லீவரை மேலே தள்ளினால் வண்டி தானாக எழும்பி நிற்கும். அடியில் புகுந்து வேலை செய்ய வசதியாக இருக்கிறதே என்று பலருக்கும் தோன்றும். அந்த உயரத்தைத் தாங்குவது ஆயில் மட்டுமே. ஓர் இணைப்பைத் தளர்த்தினால் போதும், வண்டி அப்படியே உட்கார்ந்துவிடும். பின்பக்க ஸ்பியர்கள் அடியில்தான் இருக்கின்றன என்பதால் இந்தச் சபலம் அதிகம். வண்டியை உயர்த்தி, சேஸியில் சரியான இடத்தில் ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, அப்புறம்தான் மற்றதெல்லாம். ஜாக்கியை மட்டும் நம்பியும் படுக்காதீர்கள்.

அடுத்தது, அழுத்தத்தை முழுக்க இறக்காமல் ஸ்பியரைத் திருகுவது. இன்ஜினை நிறுத்திவிட்டால் அழுத்தம் போய்விடாது. பிந்தைய சான்டியாக்களில், நிறுத்திய வண்டி கீழே இறங்காமல் இருக்க ஆயிலைப் பூட்டிவைக்கும் வால்வு வேறு உண்டு. அதனால் இன்ஜின் ஓடும்போதே லீவரைக் கடைசிக் கீழ்நிலைக்குக் கொண்டுவந்து, பொறுத்திருந்து, பிறகு அணையுங்கள். அப்புறம், ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் இருக்கும் 12 மி.மீ. ஸ்க்ரூவை ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள். 'ஸ்ஸ்' என்று ஆயில் டேங்குக்குத் திரும்பும் சத்தம் கேட்கும்; அது முழுவதும் அடங்கட்டும். ஸ்க்ரூவை வெளியே கழற்றிவிடாதீர்கள். அதன் பின்னால் ஒரு குட்டி இரும்புக் குண்டு இருக்கிறது. அது உருண்டு போய்விட்டால் அன்றைய வேலை அதைத் தேடுவதுதான். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்ப்பதும் கூடவே கூடாது. ஊசிமுனை ஓட்டை வழியாகப் பீச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

ஆயில் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கார்களுக்கு எல்ஹெச்எம் என்னும் பச்சை நிற மினரல் ஆயில்தான். அவசரத்துக்கு பிரேக் ஆயிலை ஊற்றினால், கசியாமல் காக்கும் ரப்பர் சீல்கள் ஒவ்வொன்றாக ஊறி உப்பிக் கெடும். பிறகு செலவு ஸ்பியரோடு நிற்காது. 1966-க்கு முந்தைய டிஎஸ்ஸுக்குச் சிவப்பு, 2001-இல் வந்த சி5-க்கு ஆரஞ்சு. ஒன்றோடு ஒன்றைக் கலக்க வேண்டாம்.

ஸ்பியர் பிடித்துக்கொண்டால் உளியும் சுத்தியலும் எடுக்காதீர்கள், சூடும் காட்டாதீர்கள். உருண்டையைச் சுற்றிப் பிடிக்கும் பட்டை ஸ்பேனர் போதும். கழன்று வந்ததும் உட்காரும் பள்ளத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய சீல் பெரும்பாலும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கவனிக்காமல் புதுச் சீலையும் போட்டு மாட்டினால் கட்டாயம் ஒழுகும். பள்ளத்தைத் துடைத்து, புதுச் சீலில் எல்ஹெச்எம் தடவி உட்கார வைத்து, ஸ்பியரைக் கையாலேயே இறுக்குங்கள். நீட்டு ஸ்பேனர் போட்டு முறுக்குவது அடுத்த முறை கழற்றுகிறவருக்கு வைக்கும் தொல்லை. கசியாமல் பிடிப்பது அந்தச் சீல்தான், நம் முறுக்கு அல்ல.

வாங்கும்போது உருவம் ஒன்றாக இருக்கிறது என்று எதையும் எடுத்துவிடாதீர்கள். முன்னும் பின்னும் வாயு அழுத்தம் வேறு, ஆயில் போகும் துளை வேறு. இடம் வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய ஸ்பியரில் கம்ப்ரஸர் காற்றை நிரப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஆயிலும் அந்த அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கக்கூடும். நைட்ரஜன் போடுவதே அதற்காகத்தான்.

மாட்டி முடித்ததும் ஸ்க்ரூவை மூடி, ஆயில் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு வண்டியைச் சில முறை மேலும் கீழும் ஏற்றி இறக்குங்கள். ஆயில் அளவை வண்டி முழு உயரத்தில், இன்ஜின் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். கீழ்நிலையில் பார்த்தால் டேங்க் நிறைந்தது போலத் தெரியும்.

பிரேக்குக்கும் இதே ஆயில், இதே அழுத்தம். டாஷ்போர்டில் சிவப்பு ஸ்டாப் விளக்கு அணைந்து, மிதித்தால் பெடல் உறுதியாக நிற்கிறது என்று பார்க்காமல் வண்டியை ஓரடிகூட நகர்த்தாதீர்கள். முதல் சுற்றை ஆளில்லாத இடத்தில், நடக்கும் வேகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.