சனிக்கோள் செய்வோம்: தட்டை உருண்டை, தொடாத வளையம்

பள்ளி ப்ராஜெக்ட் என்றதும் தெர்மாகோல் பந்துக்கு ஆரஞ்சு வர்ணம் அடித்து, நடுவில் ஒரு சி.டி.யைச் செருகிவிடுகிறோம். ஆனால் சனி முழு உருண்டை இல்லை. அதன் பெரிய வளையங்களும் கோளை ஒட்டி நிற்பதில்லை. இந்த இரண்டையும் சரியாகக் கொண்டுவந்தால் மாதிரிக்கு உயிர் வந்துவிடும். போன ஆடியில், அல்சூர் வீட்டில் மகளும் நானும் செய்த முறை இது.

1. உருண்டை

காய்ந்த செய்தித்தாளை இறுக்கிக் கசக்கி உருட்டி, செல்லோடேப் சுற்றுங்கள். மேலும் கீழும் அழுத்தி, சாத்துக்குடி போலச் சற்றே தட்டையாக்குங்கள். குறுக்களவு 10 செ.மீ. என்றால் உயரம் 9 செ.மீ. வாயுவால் ஆன சனி, சுமார் பத்தரை மணி நேரத்தில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடுகிறது. அந்த வேகத்தில்தான் இடுப்பு பிதுங்குகிறது. டீச்சர் கேட்டால் பிள்ளையே சொல்லட்டும்.

2. காகிதம் ஒட்டுதல்

மைதா பசை காய்ச்சி, கிழித்த காகிதத் துண்டுகளை மூன்று சுற்று ஒட்டுங்கள். பெங்களூரு தூறலில் ஒரே நாளில் காயாது. நாங்கள் ஈரத்தின் மேலேயே வர்ணம் அடித்தோம். பூஞ்சை பிடித்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஃபேனுக்குக் கீழே இரண்டு நாளாவது விடுங்கள்.

காய்ந்ததும் வெளிர் மஞ்சள் போஸ்டர் கலர். அதன் மேல் குறுக்காக மங்கலான பழுப்புப் பட்டைகள், அவ்வளவுதான்.

3. வளையம்

ரசித்துச் செய்ய வேண்டிய இடம் இதுதான். அய்யங்கார் பேக்கரியில் ஒரு கிலோ கேக் தரும் பெட்டியின் மூடி போதும். தெர்மாகோல் வேண்டாம், நிஜ வளையம் பெரும்பாலான இடங்களில் பத்து மீட்டர் அளவுதான் தடிமன். காம்பஸில் ஒரே மையத்திலிருந்து 6.2, 7.6, 9.8, 10.1, 11.3 செ.மீ. ஆரத்தில் ஐந்து வட்டங்கள் போடுங்கள். முதல் வட்டத்திலும் கடைசி வட்டத்திலும் வெட்டிவிட்டு, இருபுறமும் வெள்ளை பூசுங்கள்.

உள்பட்டைக்குக் கெட்டியான காபி டிகாஷன் தடவுங்கள். மங்கல் நிறம் தானாக வரும். அடுத்த அகலப் பட்டைதான் மிகப் பிரகாசமானது, வெள்ளையாகவே இருக்கட்டும். 9.8க்கும் 10.1க்கும் நடுவே கருப்பு: 1675இல் வானியலாளர் காசினி கண்ட இடைவெளி அது. வெளிப்பட்டைக்கு நீர்த்த டிகாஷன்.

4. பொருத்துதல்

உருண்டையை ஒரு டம்ளர் மேல் வைத்து, வளையத்தை அதன் இடுப்புக்கு நேராகப் பிடியுங்கள். தென்னந்துடைப்பத்தின் ஈர்க்குச்சி நான்கை, வளையத்துக்கு அடியில் நான்கு பக்கமும் உருண்டைக்குள் குத்தி, வளையத்தோடு ஃபெவிகால் வைத்து ஒட்டுங்கள். சுற்றிலும் 1.2 செ.மீ. இடைவெளி தெரியும். அதை மூடிவிடாதீர்கள்.

மேலிருந்து கீழாக ஒரு மூங்கில் குச்சியைச் செருகி, கிண்ணம் நிறையக் களிமண்ணில் நடுங்கள். பாகைமானி வைத்து, செங்குத்திலிருந்து 27 பாகை சாயுங்கள்.

பள்ளிக்குப் புறப்படும்போது குச்சியை உருவிவிட்டு, மூடி போன அதே கேக் பெட்டியில் கோளை உட்காரவையுங்கள். ஆட்டோ எத்தனை குலுங்கினாலும் எங்கள் வளையம் ஆடவில்லை.