மாசசூசெட்ஸில் தூண்டில் போட, படகு விடக் கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம், விடிந்தும் விடியாத நேரம், கேப் காட் கால்வாய்க் கரை. எனக்குப் பத்தடி தள்ளித் தூண்டில் போட்டிருந்தவர் தமிழர். பத்து நிமிடம் மல்லுக்கட்டி ஒரு ஸ்ட்ரைப்டு பாஸைக் கரையேற்றினார். வெள்ளி உடம்பில் வரிவரியாகக் கருங்கோடுகள், அவ்வளவு அழகான மீன். "அளந்தீங்களாண்ணா?" என்று கேட்டேன். "முப்பது இருக்கும் தம்பி, பார்த்தாலே தெரியுதே" என்றவர், மீனை ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்துச் சுற்றுச்சூழல் காவலர் ஒருவர் கரையோரமாக நடந்து வந்தார். பர்மிட்டைப் பார்த்தார், பெட்டியைத் திறக்கச் சொன்னார், மீனை அளவுப் பலகையில் கிடத்தினார். 31 அங்குலத்தைத் தாண்டி அரை அங்குலம். அண்ணனுக்கு முகம் செத்துப்போனது. அபராதத்தைவிட எனக்கு வலித்தது வேறு: அந்த மீன் செத்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. இனி யார் என்ன செய்தாலும் அது திரும்பக் கடலுக்குள் போகாது.

மாசசூசெட்ஸுக்கு வந்து குடியேறிய பலருக்கு இப்படி ஒரு காவல்துறை இருப்பதே தெரியாது. மாசசூசெட்ஸ் சுற்றுச்சூழல் காவல்துறை என்பது பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர் குழு அல்ல. கைது செய்யும் அதிகாரம் உள்ள முழுக் காவல்துறை. மீன்பிடி, வேட்டை, படகு, காட்டுப்பாதை வண்டிகள் எல்லாம் இவர்கள் பொறுப்பு. படகுப் பதிவும் இவர்களிடம்தான். இவர்களிடம் மாட்டுகிறவர்களில் நான் பார்த்த பெரும்பாலானவர்கள் திருடர்கள் இல்லை. முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டியதை, மீன் கையில் துள்ளும்போது யோசிக்கிறவர்கள். அந்த நேரத்தில் யாருக்கும் நிதானம் இருக்காது. அதனால்தான், கீழே சொல்லும் எல்லாவற்றையும் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள் என்கிறேன்.

கண்ணால் அளப்பது

ஸ்ட்ரைப்டு பாஸ் நாளொன்றுக்கு ஒருவருக்கு ஒன்றுதான். அதன் நீளம் 28 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 31 அங்குலத்தைத் தொடவும் கூடாது. சரியாக 31 இருந்தாலும் விட்டுவிட வேண்டும். சின்ன மீனை விட்டுவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. பெரிய மீனையும் விட வேண்டும் என்பதுதான் பலருக்கு மண்டையில் ஏறுவதில்லை. பெரிய பெண் மீன்தான் லட்சக்கணக்கில் முட்டை இடும். இங்கே கோடையில் நாம் பார்க்கும் மீன்களில் பெரும்பகுதி தெற்கே உள்ள செசபீக் விரிகுடா ஆறுகளிலும் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றிலும் பிறந்து வடக்கே வந்தவை. செசபீக்கில் 2019 முதல் குஞ்சு பொரிப்பது தொடர்ந்து மோசமாக இருக்கிறது. 2015இல் பிறந்த கூட்டம்தான் பெரிய நம்பிக்கை. அது வளர்ந்து பிடிபடும் அளவுக்கு வந்தபோதுதான், 2023 மே மாதம், மேல் எல்லையை 35 அங்குலத்திலிருந்து 31க்கு அவசரமாக இறக்கினார்கள்.

இதில் இன்னொரு தவறும் ஒளிந்திருக்கிறது. போன வருட விதியை நம்பிப் போவது. அந்த மாற்றம் சீசன் நடுவில் வந்தது. ஸ்கப், பிளாக் சீ பாஸ் போன்ற மீன்களுக்கும் அளவு, எண்ணிக்கை, திறந்திருக்கும் மாதங்கள் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்பும் அன்று மாநிலக் கடல் மீன்வளப் பிரிவின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

அளக்கும் விதமும் முக்கியம். மீனின் வயிற்று வளைவோடு டேப்பை இழுத்தால் நீளம் கூடுதலாகக் காட்டும். தட்டையான பலகையில் கிடத்தி, வாயை மூடி, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை நேர்கோட்டில் பார்க்க வேண்டும். பலகையை முதலில் கடல் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள், கையையும்தான். காய்ந்த கையால் பிடித்தால் மீனின் மேல் உள்ள வழவழப்பு உரிந்துவிடும். விட்ட பிறகு அது நோய் பிடித்துச் சாகும்.

ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அதைவிட நல்லது கிடைத்ததும் பழையதைத் தூக்கிப் போடுவதும் குற்றம். கரையிலேயே துண்டு போட்டு எடுத்துப் போகலாம் என்று நினைக்காதீர்கள். நீளம் தெரியாதபடி வெட்டிய மீனை வைத்திருந்தால் அதற்கே வழக்கு வரும்.

எந்த முள் என்று பார்க்காமல் வாங்குவது

உயிர் இரையோ வெட்டிய இரையோ வைத்து ஸ்ட்ரைப்டு பாஸுக்குத் தூண்டில் போட்டால் சர்க்கிள் ஹூக் கட்டாயம். கடையில் முள்ளைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாதாரண முள்ளின் நுனி மேல்நோக்கி நிற்கும். சர்க்கிள் ஹூக்கின் நுனி தண்டை நோக்கி உள்ளே மடங்கியிருக்கும். மேசையில் வைத்தால் நுனியும் தண்டும் ஒரே மட்டத்தில் படிய வேண்டும். நுனி பக்கவாட்டில் திருகியிருந்தால் அது செல்லாது.

காரணம் எளிது. சாதாரண முள்ளை மீன் விழுங்கினால் அது குடலில் மாட்டும். விட்டாலும் பிழைக்காது. சர்க்கிள் ஹூக் தொண்டையிலிருந்து வழுக்கி வந்து வாயோரத்தில் மாட்டும். ஆனால் பழக்க தோஷத்தில் வெடுக்கென்று இழுத்தால் முள் மாட்டாமல் வெளியே வந்துவிடும். மீன் இழுக்கும்போது பதறாமல் நரம்பை மெதுவாகச் சுற்றிக்கொண்டே வாருங்கள், அதுவே மாட்டிக்கொள்ளும். முதல் மூன்று முறை எனக்கும் தவறியது. அப்புறம் கை பழகிவிட்டது.

ஒரு பர்மிட் போதும் என்று நினைப்பது

கடலுக்கு ஒரு பர்மிட், ஏரி குளங்களுக்கு வேறு லைசென்ஸ். ஒன்று இன்னொன்றுக்குச் செல்லாது. கடலில் 16 வயதிலிருந்தும், நன்னீரில் 15 வயதிலிருந்தும் கட்டாயம். இரண்டும் டிசம்பர் 31உடன் முடிந்துவிடும். எப்போது வாங்கினோம் என்பது கணக்கில்லை. ஒரு மே மாதம் நான் போன வருடப் பர்மிட்டோடு போய் நின்றேன். சீசனின் முதல் நாள், ஆசையில் தேதியைப் பார்க்கவே இல்லை. தவறு முழுக்க என்னுடையது. இப்போதெல்லாம் ஜனவரியிலேயே எடுத்துவிடுகிறேன்.

ஊரிலிருந்து அப்பா வந்திருப்பார். "சும்மா ஒரு தடவை போட்டுப் பாருங்கப்பா" என்று தூண்டிலைக் கையில் கொடுப்போம். அந்த நிமிடமே அவரும் மீன்பிடிப்பவர்தான். கடல் பர்மிட்டுக்கு 60 வயதைத் தாண்டியவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை, ஆனால் பர்மிட் வேண்டும். இலவசம் என்பதை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு மாட்டுகிறவர்கள் நிறையப் பேர். பர்மிட் உள்ள வாடகை மீன்பிடிப் படகில் போனால் பயணிகளுக்குத் தனிப் பர்மிட் தேவையில்லை. ஜூன் முதல் வார இறுதியில் நன்னீரில் எல்லோரும் லைசென்ஸ் இல்லாமல் மீன் பிடிக்கலாம். அதைக் கடலுக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

எளிதாகக் கிடைப்பதை எல்லாம் அள்ளுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் ரிவர் ஹெர்ரிங் மீன்கள் கடலிலிருந்து ஆறுகளுக்குள் ஏறி வரும். பாஸ்டனை ஒட்டிய மிஸ்டிக் ஆற்றில், பிளிமத்தின் டவுன் புரூக் ஓடையில் போய்ப் பாருங்கள். முழங்கால் ஆழத் தண்ணீரில் கூட்டம் கூட்டமாக, ஒன்றன் முதுகில் ஒன்று உரசிக்கொண்டு நிற்கும். வாளியை விட்டால் வாளி நிறையும். குழந்தைகள் ஆசையாகக் கையை விடுவார்கள். ஆனால் 2006 முதல் மாசசூசெட்ஸில் இந்த மீனைப் பிடிக்கவும் வைத்திருக்கவும் விற்கவும் தடை. இரைக்காக ஒன்றே ஒன்று என்றாலும் கூடாது. அணைகளும் மிதமிஞ்சிய பிடிப்பும் சேர்ந்து அழித்த மீன் இது. பல ஊர்க்காரர்கள் வசந்தத்தில் ஓடைக்கரையில் நின்று ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்கு எழுதுகிறார்கள். அப்படிக் காப்பாற்றுகிற மீன்.

மட்டி, சிப்பி எடுப்பது முழுக்க அந்தந்த ஊர் விவகாரம். ஊர் அலுவலகத்தில் பர்மிட் வாங்க வேண்டும், ஊருக்கென்று தனிக் காவலர் உண்டு. பக்கத்து ஊர்ப் பர்மிட் இங்கே செல்லாது. பெருமழைக்குப் பின் பல இடங்களை மூடிவிடுவார்கள். ரெட் டைட் என்று சொல்லும் நச்சுப்பாசி பெருகினாலும் மூடுவார்கள். அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது, மூச்சுத் தசைகளையே முடக்கிவிடும். அந்த அறிவிப்புப் பலகையைத் தாண்டிப் போய் எடுத்து வந்து குழந்தைக்குச் சமைத்துக் கொடுப்பதை நினைத்துப் பாருங்கள்.

லாப்ஸ்டருக்குத் தனிப் பர்மிட், தனி அளவுகோல். கண்குழியிலிருந்து முதுகு ஓட்டின் கடைசி வரை அளக்க வேண்டும். வடக்குக் கடலுக்கும் தெற்குக் கடலுக்கும் அளவு வேறு. வாலின் அடியில் கரும்பழக் கொத்துப் போல முட்டை ஒட்டியிருந்தால் உடனே தண்ணீரில் விடுங்கள். வால் மடலில் வி வடிவ வெட்டு இருந்தாலும் அப்படியே. இது முட்டையிடும் பெண் என்று முன்பு யாரோ ஒரு மீனவர் அடையாளம் வைத்து விட்டது அது.

பொழுதுபோக்குப் பர்மிட்டில் பிடித்த எதையும் விற்கக் கூடாது. தெரிந்தவருக்கு ஐஸ் காசு மட்டும் வாங்கிக்கொண்டு கொடுத்தாலும் விற்பனைதான். ஏரி குளங்களில் ஒரு அவுன்ஸுக்குக் குறைந்த ஈயக் குண்டு 2012 முதல் தடை. லூன் பறவைகள் அதைக் கூழாங்கல் என்று விழுங்கிச் செத்துக்கொண்டிருந்தன.

வெயிலைப் பார்த்துத் தண்ணீரை எடைபோடுவது

சரி, படகுக்கு வருவோம். உயிர் போகும் தவறு இங்கேதான் நடக்கிறது.

மே மாதம் முதல் வாரம், வெயில் 75 டிகிரி பாரன்ஹீட். அரைக்கை சட்டையோடு கயாக்கை இறக்குகிறோம். தண்ணீரோ அப்போதும் 50ஐ ஒட்டித்தான் இருக்கும். அதில் விழுந்தவுடன் நம் விருப்பமில்லாமலே வாய் திறந்து மூச்சை இழுக்கும். தலை தண்ணீருக்குள் இருந்தால் அந்த முதல் மூச்சே தண்ணீர். அதைத் தாண்டினாலும் பத்து நிமிடத்தில் விரல்கள் மரத்துவிடும். நீச்சல் வீரராக இருந்தாலும் கவிழ்ந்த கயாக்கைப் பிடித்து ஏற முடியாது. இருக்கைக்கு அடியில் பத்திரமாக மடித்து வைத்த லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியை அந்தக் கைகளால் மாட்ட முடியுமா? முடியவே முடியாது.

அதனால்தான் செப்டம்பர் 15 முதல் மே 15 வரை கயாக்கிலும் கனூவிலும் இருக்கும் எல்லோரும் ஜாக்கெட்டை அணிந்தே இருக்க வேண்டும் என்கிறது சட்டம். படகில் வைத்திருந்தால் போதாது. 12 வயதுக்குக் கீழான குழந்தைகள் ஆண்டு முழுவதும் அணிய வேண்டும். குழந்தைக்குப் பெரியவர் ஜாக்கெட்டை மாட்டிவிடுவது இன்னொரு ஆபத்து. தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் குழந்தை கீழே நழுவிவிடும். காவலர்கள் இதை மட்டும் கண்டுகொள்ளாமல் விட மாட்டார்கள், விடவும் கூடாது.

கயாக்கில் சின்ன மின் மோட்டார் பொருத்துகிறவர்கள் இப்போது அதிகம். மோட்டார் ஏறிய நிமிடமே அது மோட்டார் படகு, பதிவு செய்ய வேண்டும். எம்எஸ் என்று தொடங்கும் எண்ணை 3 அங்குல உயர எழுத்தில் இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும். படகு ஓட்டப் பயிற்சிச் சான்றிதழும் கட்டாயமாகிறது. 2025 ஜனவரியில் கையெழுத்தான ஹேன்சன்-மிலோன் சட்டப்படி, 1989 ஜனவரி 1க்குப் பின் பிறந்தவர்களுக்கு 2026 ஏப்ரல் 1 கெடு, மற்றவர்களுக்கு 2028 ஏப்ரல் 1. இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

படகு ஓட்டுபவருக்கும் கார் ஓட்டுநரைப் போலவே ரத்தத்தில் மது அளவு 0.08தான் எல்லை. குளிப்பவர்கள் இருக்கும் இடத்துக்கு 150 அடிக்குள் வந்தால் படகு ஊர்ந்துதான் போக வேண்டும். கேப் காட் விரிகுடாவில் ரைட் வேல் திமிங்கிலம் கண்ணில் பட்டால் 500 கஜம் விலகி நில்லுங்கள். படம் எடுக்கும் ஆசையில் நெருங்காதீர்கள். அழிவின் விளிம்பில் இருக்கும் உயிர் அது.

காவலரைக் கண்டதும் பதறுவது

சிலர் காவலர் வருவதைப் பார்த்ததும் மீனைத் தண்ணீரில் வீசுவார்கள். தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்துவிட்டுத்தான் பல நேரம் அவர்கள் வருகிறார்கள். வீசினால் அளவுத் தவறோடு இன்னொன்றும் சேரும். தூண்டிலைக் கீழே வையுங்கள், பர்மிட்டைக் காட்டுங்கள், பெட்டியைத் திறந்து விடுங்கள். படகில் இருந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கை தெரியும்படி உட்காருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேளுங்கள். வடக்கு, தெற்கு லாப்ஸ்டர் அளவு வித்தியாசத்தை எனக்கு மணலில் கோடு போட்டு விளக்கியவரே ஒரு காவலர்தான்.

ஓடையில் யாராவது வலை வீசி ஹெர்ரிங் அள்ளுவதைப் பார்த்தால் நீங்களே போய்ச் சண்டை போடாதீர்கள். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு 1-800-632-8075க்கு அழையுங்கள். அது சுற்றுச்சூழல் காவல்துறையின் எண்.