நியூ வேவ் பாணி ராக்கில் ஆட்டம் எங்கே தொலைந்துபோகிறது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் இண்டி (பெரிய நிறுவனங்களைச் சாராத) ராக் குழு நியூ வேவ் சாயலில், அதாவது 1970களின் கடைசியில் பங்க் ராக்கைத் தொடர்ந்து வந்த பாணியில், கேட்பவர் எழுந்து ஆடும்படி பாட்டு போட முடிவெடுத்தால், அநேகமாக முதலில் தேடிப் போவது 1980களின் ஒலியைத்தான். ரோலண்ட் ஜூனோ மாதிரி ஒரு சிந்த் (மின்னணு ஒலி உருவாக்கும் கீபோர்டு), கிதார் ஒலியைப் பலவாகக் கேட்கவைக்கும் கோரஸ் பெடல், ஸ்னேர் டிரம்மில் வெடித்துச் சட்டென்று அறுந்துபோகும் ரிவெர்ப் (எதிரொலி) எல்லாம் வந்து சேரும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆட்டம் மட்டும் வராது. ஆட்டம் பிறப்பது டிரம்ஸுக்கும் பேஸுக்கும் (தாழ்ந்த ஒலி தரும் கிதாருக்கும்) நடுவே, வாசிக்காமல் விட்ட இடங்களில். அதனால் சிந்த்தைத் தொடுவதற்கு முன்னால் டிரம்ஸ், பேஸ் இரண்டை மட்டும் வைத்து ஒத்திகை பாருங்கள். அந்த இரண்டுக்கே தலை அசையவில்லை என்றால், மேலே எதைப் பூசினாலும் அசையாது.

இந்த வகையில் நான் அதிகம் கேட்கும் தவறு, கிதார் வாயை மூடாமல் பேசிக்கொண்டே இருப்பது. ராக் பழக்கத்தில் கிதார்தான் பாட்டின் சுவர். ஆறு கம்பியிலும் முழு கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்), ஒலியைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷன், இடைவெளியே கிடையாது. ஆட்ட இசையில் அந்தச் சுவர் தாளத்தை மறைத்துவிடுகிறது. கேங் ஆஃப் ஃபோர் குழுவின் ஆண்டி கில் 1979இல் வந்த முதல் ஆல்பத்தில் என்ன செய்கிறார் என்று கவனித்துக் கேளுங்கள். வறண்ட, கூர்மையான ஒலியில் இரண்டு மூன்று வெட்டு, அப்புறம் மௌனம். அவர் நிறுத்துகிற இடத்தில்தான் பேஸும் டிரம்ஸும் முன்னால் வந்து நிற்கின்றன. உங்கள் கிதார் கலைஞரிடம் மெல்லிய மூன்று கம்பிகளை மட்டும் வைத்து, ஒரு சுற்றில் இரண்டே இடத்தில் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். முதலில் கை அரிக்கும். பத்து நிமிடத்தில் பாட்டே வேறாகத் தெரியும்.

பேஸில் நடக்கும் தவறு இதன் தொடர்ச்சி. கிதார் போகிற வழியிலேயே பேஸும் போனால் இரண்டில் ஒன்று வீண். நியூ ஆர்டர் குழுவில் 2007 வரை இருந்த பீட்டர் ஹுக், பேஸின் மேல்ஸ்தாயியில் மெட்டு வாசிப்பார். ஆரம்பத்தில் ஆம்ப் (ஒலிபெருக்கி) சரியில்லாததால், கீழே வாசித்தால் கிதார் சத்தத்தில் தனக்கே கேட்காமல் போனது என்பதை அவரே சொல்லியிருக்கிறார். அந்த நெருக்கடியில் வந்தது ஒரு குழுவின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஆனால் அந்தக் குழுவின் ஆட்டப் பாடல்களில் அடித்தளத்தைப் பெரும்பாலும் சிந்த் பேஸ் தாங்குகிறது. இதைக் கவனிக்காமல் ஹுக்கின் மெட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும் குழுக்களின் பாட்டு தரையில் கால் ஊன்றாமல் மிதக்கும்.

பேஸில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு ஸ்வரம் எங்கே தொடங்குகிறது என்பதையே எல்லோரும் பார்க்கிறார்கள். எங்கே முடிகிறது என்பதில்தான் ஆட்டம் இருக்கிறது. நாலு அடிச் சுற்றில் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) எல்லா அடியிலும் விழட்டும், ஸ்னேர் இரண்டிலும் நாலிலும். பேஸ் ஒன்றாம் அடியில் கீழ்ஸ்தாயியில் தொடங்கி, அரை இடம் (அரை அடி) தள்ளி அதே ஸ்வரத்தை மேல்ஸ்தாயியில் தொட்டு, ஸ்னேர் விழுவதற்கு ஒரு நூல் முன்னால் கம்பியை அமுக்கி நிறுத்தட்டும். அந்தச் சிறு வெற்றிடத்தில் ஸ்னேர் விழும்போது உடம்பு தானாகத் துள்ளும். அதே ஸ்வரத்தை ஸ்னேரின் மேலேயும் இழுத்தால் துள்ளல் மாயமாகிவிடும். டிஸ்கோ கலைஞர்கள் இதில் கரை கண்டவர்கள். நியூ வேவ் குழுவான டுரான் டுரானின் பேஸ் கலைஞர் ஜான் டெய்லர், டிஸ்கோ குழுவான ஷிக்கின் பேஸ் கலைஞர் பெர்னார்ட் எட்வர்ட்ஸைத் தன் முன்மாதிரியாகச் சொல்வது சும்மா இல்லை.

வேகம் கூடினால் ஆட்டம் கூடும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடலாம். ஃபிரான்ஸ் ஃபெர்டினான்டின் 'டேக் மீ அவுட்' (2004) முதல் ஒரு நிமிடம் விரட்டி ஓடி, பிறகு எல்லோர் கண் முன்னாலும் வேகத்தைக் குறைக்கிறது. கூட்டம் குதிப்பது அந்த வேகம் குறைந்த பகுதியில்தான். மேடையில் இந்த விஷயம் இன்னும் சிக்கல். ஒத்திகையில் நிமிடத்துக்கு 118 அடியில் நின்ற பாட்டு, கூட்டத்தைப் பார்த்த பரபரப்பில் 126க்கு ஏறிவிடும். 118க்குப் பழகிய பேஸ் கலைஞருக்கு, அந்த வேகத்தில் ஸ்வரத்தைச் சரியாக வெட்டி நிறுத்துவது கடினம். டிரம்மர் காதில் மட்டும் கிளிக் (வேகத்தைக் காட்டும் 'டிக்' சத்தம்) ஓடினால் போதும். அது பிடிக்காவிட்டால், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மெட்ரோனோம் என்ற தாளக் கருவியின் விளக்கைப் பார்த்து அடிகளை எண்ணித் தொடங்கட்டும்.

அரை இடத்தில் ஹை-ஹாட்டை (மிதித்து இயக்கும் ஜோடித் தட்டுகளை) திறந்து மூடும் அந்த 'ட்ஸ்... ட்ஸ்...' சத்தத்தையும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். 2000களின் முதல் பாதியில் இந்த வகைக் குழுக்கள் பல அதை ஓயாமல் பயன்படுத்தியதால், இன்று முதல் நொடியிலேயே பழைய வாடை அடிக்கிறது. சரணம் முழுக்க மூடிய ஹை-ஹாட்டில் ஓட்டி, பல்லவியில் திறந்தால் அதே சத்தத்துக்கு உயிர் வரும்.

குரலிலும் வேடம் வேண்டாம். டாக்கிங் ஹெட்ஸ் பாடகர் டேவிட் பைர்ன் மாதிரி திக்கித் திணறுவதும், ஜாய் டிவிஷன் பாடகர் இயன் கர்டிஸ் மாதிரி அடிக்குரலில் இறங்குவதும் அவர்களுக்கே உரியவை. உங்கள் பாடகர் பேசும் குரலிலேயே, தாளத்தை ஒட்டி வரிகளைச் சுருக்கிப் பாடினால் போதும்.

மிக்ஸிங்கில் (பதிவான ஒலிகளைக் கலந்து சமன் செய்யும்போது), கிக்கும் பேஸும் அடியில் ஒரே இடத்துக்குச் சண்டை போட விடாதீர்கள். இரண்டில் எது கீழே இருக்கும் என்று பாட்டுக்குப் பாட்டு முடிவு செய்து, மற்றதில் அந்தப் பகுதியைக் குறையுங்கள். ரிவெர்ப்பில் கீழ் அதிர்வெண்களை வெட்டிவிடுங்கள். பேஸ் வெட்டி நிறுத்திய இடத்தை ரிவெர்ப் வந்து நிரப்பினால் அத்தனை உழைப்பும் போச்சு.

கடைசியாக, மேடையில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே சுதி சேர்க்கிற நேரம். ஆடிக்கொண்டிருந்த கூட்டம் ஒரு நிமிட மௌனத்தில் செல்போனை எடுத்துவிடும். அந்த இடைவெளியில் டிரம்மர் கிக்கை மட்டும் அடுத்த பாட்டின் வேகத்துக்கு மெல்ல நகர்த்திக்கொண்டே இருக்கட்டும், கிதார் அதற்குள் சுதி சேர்த்துக்கொள்ளட்டும். பேச வேண்டியதை அந்தத் தாளத்தின் மேலேயே பேசிவிடலாம்.