முதல் சுற்றுப்பாதை நடைக்குத் திட்டம் போடுவது எப்படி? மவுன்ட் விட்டன்பர்க்கை வைத்து ஒரு விளக்கம்

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினால் பாயின்ட் ரேயஸ். 1962-ல் தேசியக் கடற்கரையாக அறிவிக்கப்பட்ட இடம். நுழைவுக் கட்டணம் கிடையாது. "முதல் தடவை ஹைக்கிங், எங்கே போகலாம்?" என்று யார் கேட்டாலும் நான் கைகாட்டுவது இங்குள்ள மவுன்ட் விட்டன்பர்க் மலையின் சுற்றுப்பாதையைத்தான், அதாவது ஒரு வழியாக ஏறி வேறு வழியாகக் கிளம்பிய இடத்துக்கே திரும்பும் பாதை. டக்ளஸ் ஃபர் என்ற ஊசியிலை மரக் காடு, புல்வெளி, தூரத்தில் கடல் என மூன்றும் ஒரே நடையில் கிடைக்கும். மூச்சு வாங்கும், ஆனால் பாறையில் தொற்றி ஏற வேண்டியதில்லை.

1. ஏற்றத்தைக் கணக்கில் சேருங்கள்

சுற்று 5 முதல் 6 மைல், அதாவது 9 கி.மீ. போல. "தினமும் பார்க்கில் இவ்வளவு நடக்கிறேனே" என்று தோன்றும். ஆனால் உச்சி 1,407 அடி. கிளம்பும் இடமோ கடல் மட்டத்துக்குக் கொஞ்சம்தான் மேலே. ஏறக்குறைய 1,300 அடி ஏற்றம், அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு மைலுக்குள்.

இதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்னது: 5 கி.மீ.க்கு 1 மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக 1 மணி நேரம். நம் பாதைக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டரை மணி வரும். அது அவர் கால்களுக்கு! போட்டோ, சாப்பாடு, ஷூவுக்குள் போன கல் எல்லாம் சேர்த்து 4 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

2. கிளம்பும் நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

சூரியன் மறையும் நேரத்திலிருந்து அந்த 4 மணி நேரத்தைக் கழியுங்கள், அதற்கு மேல் இன்னும் 2 மணி நேரத்தையும் கழியுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றேன். நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி, இருட்டு சீக்கிரம் வரத் தொடங்கிய மறு வாரம், சாவகாசமாக மதியம் இரண்டு மணிக்கு ஏறத் தொடங்கினோம். ஐந்து மணி சுமாருக்கு வெளியே வானம் சிவந்திருந்தது. மரங்களுக்கு அடியில் வேர் எது, பாதை எது என்று தெரியவில்லை. கடைசி முக்கால் மைல் என் போன் டார்ச்சில் நான்கு பேர், 11 சதவீத சார்ஜ். அன்றிலிருந்து ஹெட்லேம்ப் இல்லாமல் போவதில்லை.

3. எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

புதியவர்கள் யோசிக்காமல் விடுவது இதைத்தான். போன வழியே திரும்பும் பாதையில் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். சுற்றுப்பாதையில் பாதி தாண்டிவிட்டால் திரும்புவதும் ஒன்றுதான், முன்னால் போவதும் ஒன்றுதான். அதனால் கஷ்டத்தை முதல் பாதியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேர் வேலி பார்வையாளர் மையத்தில் காரை நிறுத்திவிட்டு பேர் வேலி பாதையில் நுழையுங்கள். கால் மைலுக்குள்ளேயே வலப்பக்கம் மவுன்ட் விட்டன்பர்க் பாதை பிரியும். செங்குத்து இதுதான். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம் போதும். மேலே பாதைகள் கூடும் இடத்தில் காடு விலகி, மூடுபனி இல்லாவிட்டால் டிரேக்ஸ் விரிகுடா தெரியும். உச்சிக்கு ஒரு சின்னக் கிளைப்பாதை உண்டு. எனக்கென்னவோ உச்சியைவிட இந்தக் கூடுமிடம்தான் பிடிக்கும். புளிசாதப் பொட்டலத்தை இங்கேயே பிரித்துவிடலாம்.

அப்புறம் ஸ்கை டிரெயிலில் தெற்கே கொஞ்ச தூரம், இடப்பக்கம் மெடோ டிரெயில். பெயருக்கேற்ற புல்வெளி, மறுபடி காடு, சீரான இறக்கம். கீழே மீண்டும் பேர் வேலி பாதை. இடப்பக்கம் திரும்பி முக்கால் மைல் சொச்சம் நடந்தால் கார். எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் அந்தச் செங்குத்தில் களைத்த முழங்காலோடு இறங்க வேண்டியிருக்கும்.

கால் இன்னும் தாங்குமென்றால் கீழே வந்ததும் வலப்பக்கம் திரும்புங்கள். முக்கால் மைல் போனால் டிவைட் மெடோ என்ற அகன்ற புல்வெளி. போக வர ஒன்றரை மைல் கூடும்.

4. பையில் என்ன?

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். இந்தச் சுற்றில் குழாய் கிடையாது. கோடையில்தான் மூடுபனி அதிகம், ஜூலையிலும் ஜாக்கெட் வேண்டும். முழுக்கால் பேன்ட் அவசியம்: பாதையோரம் மூன்று மூன்று இலையாக நிற்கும் பாய்சன் ஓக் பட்டால் வாரக்கணக்கில் அரிக்கும். புல்லில் உண்ணியும் உண்டு. வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்னால் எல்லாம் தடவிப் பாருங்கள்.

நாயைக் கூட்டிவரக் கூடாது, இந்தப் பாதைகளில் அனுமதியில்லை.

5. ஏறும் முன் ஐந்து நிமிடம்

பார்வையாளர் மையத்தில் எந்தப் பாதையாவது மூடியிருக்கிறதா என்று கேளுங்கள், காகித வரைபடம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காட்டுக்குள் சிக்னலை நம்ப முடியாது. வீட்டிலிருக்கும் ஒருவருக்குப் பாதையின் பெயரையும் திரும்பும் நேரத்தையும் இங்கிருந்தே அனுப்பிவிடுங்கள்.

இறங்கி வந்ததும் காரில் ஏறிவிடாதீர்கள். எதிரிலேயே தார் போட்ட ஒரு குட்டிப் பாதை, அரை மைல் சொச்சம். பூமியின் இரண்டு தட்டுகள் உரசும் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு கடக்கும் இடம். 1906 நிலநடுக்கத்தில் ஒரு வேலி இரண்டாக விலகி ஏறக்குறைய 5 மீட்டர் தள்ளிப்போனதை அங்கே காட்டியிருக்கிறார்கள்.