மெட்ராஸ் வெயிலை நம்பி முவாய் தாய் பழகப் போகாதீர்கள்

"மெட்ராஸ் வெயிலையே பார்த்தாச்சு, தாய்லாந்து வெயில் என்ன பண்ணிடும்" என்று சொல்லிக்கொண்டுதான் நானும் தாய்லாந்துக் குத்துச்சண்டையான முவாய் தாய் பழக முதல் தடவை புக்கெட்டுக்குப் போனேன். முதல் நாள் மாலைப் பயிற்சி, மூன்றாவது ரவுண்டு. உதையை வாங்கும் பேட் மெத்தையைப் பிடித்துக்கொண்டிருந்த க்ரு, அதாவது பயிற்சியாளர், "ஈக், ஈக்" என்று கத்துகிறார், இன்னொன்று போடு என்று அர்த்தம். வலது காலைத் தூக்கினேன். கால் வந்தது, உடம்பு கூட வரவில்லை. காது அடைத்து, ரிங் கயிறு இரண்டு இரண்டாகத் தெரிந்து, அப்புறம் யாரோ என்னை ஓரமாக உட்காரவைத்து ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு மக் தண்ணீரைப் பின்கழுத்தில் ஊற்றியதுதான் நினைவிருக்கிறது. அந்தப் பக்கம் ஸ்வீடனிலிருந்து வந்த ஒரு பெண், வந்து இரண்டு வாரம் ஆகியிருந்ததாம், தன் பாட்டுக்குத் தொங்கவிட்ட குத்து மூட்டையை உதைத்துக்கொண்டிருந்தாள்.

பனிநாட்டுக்காரி நிற்கிறாள், திருவல்லிக்கேணிக்காரன் சாய்ந்துவிட்டேன். காரணம் ரொம்ப எளிது. நாம் வெயிலில் வாழ்வதாக நினைத்துக்கொள்கிறோம், உண்மையில் ஏசி அறையில் தூங்கி, ஏசி ஆபீசில் உட்கார்ந்து, நடுவில் பைக்கில் அரைமணி நேரம் வெயில் படுகிறோம், அவ்வளவுதான். சூட்டில் கடுமையாக உழைக்க உடம்பு பழகுவதற்கு தினமும் ஒரு மணி நேரமாவது சூட்டில் வியர்த்து, அப்படி 7 முதல் 14 நாள் போக வேண்டும். அதற்குள் ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரமே வர ஆரம்பிக்கிறது, நிறையவும் வருகிறது, அதில் உப்பு குறைகிறது. கறுப்பு பனியன் போட்டால் கண்ணாலேயே பார்க்கலாம். எனக்கு முதல் வாரம் காய்ந்த பிறகு முதுகெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, இரண்டாவது வார முடிவில் அது பாதிகூட இல்லை, கண்ணில் வழிந்தாலும் முன்பு மாதிரி எரியவில்லை.

அதனால் டிக்கெட் போட்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை, கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே காலை ஐந்தரை மணி ஓட்டத்தை நிறுத்திவிட்டு சாயங்காலம் நாலு மணிக்கு ஓடுவது. முதலில் இருபது நிமிடம், மெதுவாக. பிறகு ஐந்து கிலோமீட்டர் வரை. கூடவே கயிறு தாண்டுங்கள், அங்கே எல்லாம் அதில்தான் ஆரம்பிக்கிறது. மொட்டை மாடியில் வெறுங்காலில் கொஞ்சம் நடந்து, முன்பாதத்தில் நின்று திரும்பிப் பழகுங்கள். இது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். (மே மாத அக்னி நட்சத்திரத்தில் இதைச் செய்யாதீர்கள், போவதற்கு முன்பே ஆஸ்பத்திரி போக வேண்டியிருக்கும்.)

எப்போது போவது? நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால் மழையும் குறைவு, சூடும் குறைவு, ஆனால் கூட்டமும் விலையும் அதிகம். ஏப்ரல் அங்கேயும் கொடுமையான மாதம், அதிலும் 13 முதல் 15 வரை சொங்க்ரான், அவர்களுடைய புத்தாண்டு, நம் சித்திரை முதல் நாளை ஒட்டியே வரும். பல பயிற்சிக் கேம்ப்கள் மூடியிருக்கும், க்ருக்கள் எல்லாம் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். வடக்கே இருக்கும் சியாங் மாய் குளுகுளு என்று யாராவது சொன்னால் எந்த மாதம் என்று கேளுங்கள். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வயலையும் காட்டையும் எரிக்கும் புகை அங்கே கிண்ணத்தில் ஊற்றியது மாதிரி நிற்கும், அதை இழுத்துக்கொண்டு காலையில் ஓடுவதற்கு ஓடாமலே இருக்கலாம். செப்டம்பர், அக்டோபரில் புக்கெட்டில் மழை கொட்டும், ஆனால் பயிற்சி கூரைக்குக் கீழேதான், வாடகையும் இறங்கியிருக்கும். கையில் காசு குறைவென்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

ஊர் விஷயத்தில் ரொம்ப யோசிக்க வேண்டாம். புக்கெட்டின் சலோங் பகுதியில் சோய் தா-இயத் என்று ஒரு தெரு, அது முழுக்கக் கேம்ப், புரோட்டீன் கடை, மசாஜ் கடை, ஆங்கிலம் பேசத் தெரிந்தால் போதும். புதிதாகப் போகிறவர்களுக்கு வசதி. பாங்காக்கில் நெருக்கடியான சந்துக்குள் இருக்கும் பழைய கேம்ப்களில் சண்டைக்குத் தயாராகும் பையன்களோடு பழகலாம், ஆனால் உங்களைக் கவனிக்க ஆள் குறைவு. பாங்காக் வழியாகப் போனால் ஒரு ராத்திரி ராஜதம்னன் ஸ்டேடியத்தில் சண்டை பாருங்கள், 1945இலிருந்து நடக்கிற இடம். பழைய முறைச் சண்டை என்றால் மூன்று நிமிட ரவுண்டு ஐந்து, நடுவில் இரண்டு நிமிட இடைவேளை, பக்கத்திலேயே உட்கார்ந்து வாசிக்கும் குழலும் மேளமும். முதல் இரண்டு ரவுண்டு எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். பொறுத்திருங்கள், மூன்றாவதிலிருந்துதான் ஆட்டம்.

விசாவுக்கு வருவோம். இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2024 ஜூலையில் விசா இல்லாமலே 60 நாள் தங்கலாம் என்று திறந்துவிட்டார்கள். இந்த மாதிரி விதிகளை அவர்கள் அடிக்கடி மாற்றுவதால், டிக்கெட் போடும் அன்றைக்குத் தூதரகத்தின் தளத்தைப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். மாதக்கணக்கில் பழகப் போகிறவர்களுக்கு டிடிவி என்று ஒரு விசா இருக்கிறது. ஐந்து வருடம் செல்லும், ஒரு தடவைக்கு 180 நாள், முவாய் தாய் பயிற்சியையே காரணமாகக் காட்டலாம், ஆனால் வங்கியில் 5 லட்சம் பாட் காட்ட வேண்டும். இது போக 2025 மே முதல் எல்லோரும் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். அது இலவசம். காசு கேட்கிற தளம் எதுவானாலும் போலி.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது சின்ன எழுத்தைப் படியுங்கள். சாதாரணப் பயண பாலிசிகள் பலவற்றில் தற்காப்புக் கலையும் மோதல் விளையாட்டும் விலக்கு. "பயிற்சியில் கால் முறிந்தால் கொடுப்பீர்களா" என்று மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலிலேயே வாங்கி வையுங்கள். அப்புறம் ஸ்கூட்டர். அங்கே காயம் பட்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் என்ன ஆச்சு என்று கேட்டால் நிறையப் பேர் சண்டையைச் சொல்ல மாட்டார்கள், வாடகை ஸ்கூட்டரைத்தான் சொல்வார்கள். பன்னாட்டு ஓட்டுநர் உரிமத்தில் இருசக்கர வாகனமும் சேர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாலிசி கைவிரித்துவிடும்.

சரி, கேம்ப். மொத்தமாக ஒரு மாதத்துக்குப் பணம் கட்டாதீர்கள். நான் அப்படி ஒரு இடத்தில் கட்டிவிட்டு, ஒரு க்ருவுக்கு இருபது பேர், நாளைக்கு ஒரு ரவுண்டுகூட பேட் கிடைக்காமல், திருப்பிக் கேட்டதற்குச் சிரித்தே அனுப்பிவிட்டார்கள். மூன்று கேம்ப்களில் ஒரு வேளை ஒரு வேளையாகக் காசு கொடுத்துப் பாருங்கள், நான் கொடுத்தது 300இலிருந்து 500 பாட் வரை. பார்க்க வேண்டியது ஒன்றுதான், புதிதாக வந்தவனுக்கு க்ரு தாமே எத்தனை ரவுண்டு பேட் பிடிக்கிறார். மூன்று ரவுண்டாவது பிடித்தால் அங்கேயே தங்கிவிடலாம்.

ஒரு நாள் இப்படிப் போகும். காலை ஆறு மணிக்கு ஓட்டம், பிறகு கயிறு, நிழல் குத்து (எதிரில் ஆளில்லாமல் குத்திப் பழகுவது), மூட்டை, பேட், க்ளிஞ்ச் (கழுத்தைப் பிடித்து மல்லுக்கட்டுவது), கடைசியில் வயிற்றுப் பயிற்சி. இரண்டு மணி நேரம். மதியம் தூக்கம். மூன்று நாலு மணிக்கு அதே கதை இன்னொரு தடவை. ஞாயிறு விடுமுறை. முதல் வாரம் நீங்கள் ஒரு வேளை மட்டும் போங்கள், காலை வேளை. பணம் கட்டியாச்சே, வீணாகுதே என்று நம் மனசு அரிக்கும். அரிக்கட்டும். இரண்டு வேளையும் போய் நாலாவது நாள் படுத்து ஒரு வாரம் எழுந்திருக்காத ஆட்களை நான் எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

தண்ணீர் விஷயம்தான் எல்லோரும் தப்புப் பண்ணுவது. ஈரக் காற்றில் வியர்வை காயாது, வழியும். வழிகிற வியர்வையால் குளிர்ச்சி கிடையாது, காய்ந்தால்தான் உண்டு. அதனால் உடம்பு மேலும் மேலும் வியர்க்கிறது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் துண்டால் துடைத்துவிட்டு எடை பாருங்கள். எனக்கு ஒரு வேளையில் இரண்டு கிலோ இறங்கியது, அதாவது இரண்டு லிட்டர். இறங்கிய ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றே கால் முதல் ஒன்றரை லிட்டர் வரை அடுத்த சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும், வெறும் தண்ணீராக இல்லை. வெறும் தண்ணீரை மட்டும் மடக் மடக்கென்று ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் விழுந்து தலைவலி, வாந்தி, அதற்கு மேலும் போகும். இளநீர் குடிச்சா போதுமே என்பார்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், வியர்வையில் போவது உப்பு. ஊரிலிருந்தே ஓஆர்எஸ் பாக்கெட், ஒரு லிட்டருக்குக் கலக்குகிற பெரிய பாக்கெட்டாக, பத்துப் பதினைந்து வாங்கிக்கொண்டு போங்கள். தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி.

இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு என்றால் நிறுத்தி நிழலுக்கு வந்து காலை உயர்த்திப் படுங்கள். ஆனால் ஒருவன் உளறினாலோ, தள்ளாடினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அது வெப்பத் தாக்கு. வியர்க்கிறதே, அப்போ பரவாயில்லை என்று நினைக்காதீர்கள், பயிற்சியில் வரும் வெப்பத் தாக்கில் வியர்த்துக்கொண்டேதான் விழுவார்கள். முதலில் குளிரவைப்பது, ஐஸ் தொட்டி இருந்தால் தலை மட்டும் வெளியே இருக்கும்படி பிடித்து அதில் இறக்குங்கள், இல்லையென்றால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஒருவர் அதைச் செய்யும்போதே இன்னொருவர் 1669க்குப் போன் பண்ண வேண்டும். பயிற்சிக்கு அப்புறம் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றைக்கே டாக்டர், தசை கரைந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிற விஷயம் அது. வலிக்கிறதென்று புரூஃபன் போடாதீர்கள், வற்றிய உடம்பில் அதுவும் சிறுநீரகத்தைத்தான் அடிக்கும், காய்ச்சல் டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவு வேறு. பாராசிட்டமால் போதும்.

இப்போது வெறுங்கால் கதை. வட்ட உதை போடும்போது நிற்கிற காலின் முன்பாதம் தரையில் சுழல வேண்டும். இடது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே இருக்கும் தோல் இரண்டாவது நாளே ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குக் கொப்பளித்து, மூன்றாவது நாள் கிழிந்து மடல் மாதிரி தொங்கும். பிய்க்காதீர்கள். கழுவி, கிருமிநாசினி போட்டு, டேப் சுற்றிக்கொண்டு குத்து மட்டும் பழகுங்கள். அந்தத் தரையில்தான் முப்பது பேர் வியர்வை, படர்தாமரையும் சீழ்க்கொப்பளமும் அங்கேதான் ஒட்டும். பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள், டீ குடித்துவிட்டு அப்புறம் என்று தள்ளாதீர்கள். கைக்கட்டுத் துணி மூன்று ஜோடி வைத்துக்கொண்டு தினமும் துவையுங்கள். கிளவுஸும் ஷார்ட்ஸும் அங்கேயே வாங்கலாம், ட்வின்ஸ், ஃபேர்டெக்ஸ் எல்லாம் அவர்கள் ஊர்ச் சரக்கு, ஸ்பாரிங்குக்கு, அதாவது இன்னொருவரோடு மோதிப் பழகுவதற்கு, 16 அவுன்ஸ் கிளவுஸ். பல் கவசம் மட்டும் ஊரில் பல் டாக்டரிடம் அளவெடுத்துச் செய்துகொண்டு போங்கள். பயிற்சிக்கு முன் எல்லோரும் காலில் ஒரு மஞ்சள் தைலம் தேய்ப்பார்கள், நம்மான் முவாய், வாசனை நம் அயோடெக்ஸை நினைவுபடுத்தும். தேய்த்த கையோடு கண்ணையோ வேறு எங்கேயுமோ தொட்டுவிடாதீர்கள், அனுபவம் பேசுகிறது.

சைவமென்றால் கொஞ்சம் கஷ்டம். காய்கறிக் குழம்பில்கூட மீன் சாறு விடுவார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பில் எழுதிய 'ஜே' என்ற கடையைத் தேடுங்கள், அங்கே மீன் சாறும் கிடையாது, முட்டையும் பூண்டும்கூடக் கிடையாது. அசைவக்காரர்களுக்குக் கவலையே இல்லை, சுட்ட கோழியும் ஒட்டுச் சோறும் தெருவுக்குத் தெரு. பாங்காக்கில் இட்லி நினைப்பு வந்தால் சீலோமில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோவில் பக்கம் போங்கள்.

மரியாதை விஷயத்தில் நமக்கு ஒன்றும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை, அந்தக் க்ரு என்ற சொல்லே நம் குருதான், சண்டைக்கு முன் அவர்கள் ஆடும் வாய் க்ருவைப் பார்த்தால் சிலம்பத்துச் சலாம் வரிசை நினைவுக்கு வரும். ஆனாலும் சிலது. யார் தலையையும் விளையாட்டுக்குக்கூடத் தொடாதீர்கள். காலை நீட்டி யாரையும் பார்த்து உட்காராதீர்கள். பழைய கேம்ப்களில் பெண்கள் ரிங்குக்குள் கீழ்க்கயிற்றுக்கு அடியில்தான் நுழைய வேண்டும் என்பார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை, பாங்காக்கின் பேர்பெற்ற லும்பினி ஸ்டேடிய மேடையிலேயே 2021இலிருந்து பெண்கள் சண்டை போடுகிறார்கள். போகுமுன் கேட்டுக்கொண்டு உங்களுக்கு ஒத்துவருகிற கேம்பைத் தேர்ந்தெடுங்கள். ஸ்பாரிங்கில் பலத்தைக் காட்டாதீர்கள். அங்கே பத்து வயதிலிருந்து சண்டை போடுகிறவர்கள் பூப்போலத்தான் தொடுவார்கள், ஓங்கிக் குத்தினால் ஒரு தடவை சிரிப்பார்கள், இரண்டாவது தடவை தொடையில் ஒரு உதை வரும், மூன்று நாள் மாடிப்படி ஏற முடியாது.

இன்னொன்று. இப்படிக் கஷ்டப்பட்டுப் பழகிய உடம்பு, திரும்பி வந்து மூன்று நாலு வாரம் ஏசியில் உட்கார்ந்தால் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். நான் இரண்டாவது தடவை போனபோது முதல் வாரம் முழுக்கக் காலை வேளை மட்டும்தான் போனேன். போன தடவை தண்ணீர் ஊற்றிய அதே க்ரு, என்னைப் பார்த்ததும் ஐஸ் பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளிவைத்துவிட்டுத்தான் பேடை மாட்டினார்.