பேஸ்பால் பிளேஆஃப்ல லைன்அப்பை (பேட்டிங் வரிசையை) எப்படி பாக்கணும்

பேட்டிங் ஆவரேஜை மட்டும் பாத்து ஒருத்தரை திட்டாதீங்க, அவருக்கு முன்னாடி பின்னாடி யாரு ஆடுறாங்கன்னு பாருங்க. நம்ம டாட்ஜர்ஸ் டீம் யாங்கீஸ் டீமோட மோதுன 2024 வேர்ல்ட் சீரிஸ் (சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற கடைசி தொடர்) முதல் மேட்ச், 10வது இன்னிங்ஸ், ரெண்டு அவுட், நம்ம பெட்ஸுக்கு பயந்து யாங்கீஸ் வேணும்னே வாக் (அடிக்க விடாம சும்மாவே முதல் பேஸுக்கு அனுப்புறது) கொடுத்து மூணு பேஸையும் நிரப்பிட்டாங்க, அடுத்து வந்தது கணுக்கால் வலியோட ஆடுன ஃப்ரீமன், முதல் பந்துலயே கிராண்ட் ஸ்லாம் (மூணு பேஸ்லயும் ஆள் இருக்கும்போது அடிக்கிற ஹோம் ரன், நாலு ரன்), 6-3ன்னு ஜெயிச்சாச்சு! ஓதானி, பெட்ஸ், ஃப்ரீமன்னு வரிசையா வைக்கிறதோட அருமை அங்கதான் இருக்கு.

கீழ ஆடுறவங்களையும் விட்றாதீங்க. அதே தொடரோட அஞ்சாவது மேட்ச்ல டாட்ஜர்ஸ் 5-0ன்னு பின்தங்கி இருந்தப்போ கீகே ஹெர்னாண்டஸ் அடிச்ச ஒரு சிங்கிள்லதான் (முதல் பேஸ் வரைக்கும் போக வைக்கிற அடி) எல்லாமே ஆரம்பிச்சுது, அடுத்து யாங்கீஸ் வீரர் ஆரோன் ஜட்ஜ் கேட்சை விட்டார், அதே இன்னிங்ஸ்ல 5-5.

யாராவது தடுமாறினா உடனே பென்ச்ல உக்கார வைன்னு கத்தாம, வாக் வாங்குறாரா, பிட்சரை நிறைய பந்து போட வைக்கிறாரான்னு கவனிங்க.