சூடான டயரில் காற்றை இறக்காதீர்கள்

நீடாமங்கலத்தில் டயர் கடை வைத்திருக்கிறேன். மே மாத மத்தியானத்தில், தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் காரை நிறுத்தி, "அண்ணே, காத்து கூடிப்போச்சு, கொஞ்சம் இறக்கி விடுங்க" என்பார்கள். நான் இறக்குவதில்லை. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

டயருக்குள் இருக்கும் இடம், அதாவது கன அளவு, பெரிதாக மாறாது. அதனால் வெப்பம் ஏறினால் அழுத்தமும் அதே விகிதத்தில் ஏறும். ஆனால் செல்சியஸோடு 273 கூட்டிக் கெல்வினாக்க வேண்டும். கேஜ், அதாவது காற்றழுத்தமானி, காட்டும் எண்ணோடு வெளிக்காற்றின் அழுத்தமான 14.7 பி.எஸ்.ஐ.-யையும் (பி.எஸ்.ஐ. என்பது அழுத்தத்தின் அலகு) கூட்ட வேண்டும். ஏனென்றால் அதற்கு மேல் எவ்வளவு என்பதைத்தான் கேஜ் சொல்லும். பள்ளிப் பிள்ளைகள் சறுக்குவதும் இந்த இடத்தில்தான்.

காலையில் 27 டிகிரி, குளிர்ந்த டயரில் இருக்க வேண்டிய அழுத்தம் 32 பி.எஸ்.ஐ. என்று வையுங்கள். அதாவது 300 கெல்வின், 46.7. வண்டி ஓடி உள்காற்று 57 டிகிரி ஆனால் 330 கெல்வின். 46.7-ஐ 330-ஆல் பெருக்கி 300-ஆல் வகுங்கள்: 51.4 வரும். 14.7-ஐக் கழித்தால் கேஜில் 36.7. யாரும் கூடுதலாகக் காற்று அடிக்கவில்லை, வெப்பம்தான் ஏற்றியது. இதை 32-க்கு இறக்கினால் மறுநாள் காலை குளிர்ந்த டயரில் 28 கூட இருக்காது. காற்று குறைந்த டயர் பக்கவாட்டில் அதிகம் மடங்கும், இன்னும் சூடாகும், இரண்டு ஓரமும் தேயும். வெடிக்கவும் செய்யும்.

ஆகவே காலையில், வண்டியை எடுக்கும் முன்பே பாருங்கள். சூடான டயரிலேயே 32-க்குக் கீழே காட்டினால் காற்று நிச்சயம் குறைவு. 32-க்கு மேல் நாலு பி.எஸ்.ஐ. கூட்டி, 36 வரை அடித்துவிட்டு, ஆறியபின் சரிபாருங்கள்.

டிராக்டர் பின் டயரில் தண்ணீர் ஏற்றியிருந்தால் கன அளவும் கணக்கில் வந்துவிடும். முக்கால் பங்கு தண்ணீர் அமுங்காது. மேலே உள்ள கால் பங்கு காற்றுதான் அமுங்கும். பாரத்தில் டயரின் இடம் நூற்றுக்கு இரண்டு குறைந்தால், அந்தக் காற்றுக்கு அது நூற்றுக்கு எட்டு. இடம் குறையக் குறைய அழுத்தம் கூடும் என்று 1662-லேயே ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானி எழுதிவைத்தார். அதனால்தான் இந்த டயர் விறைப்பாக இருக்கிறது. இதில் காற்றுப் பார்க்க, வால்வு உச்சிக்கு வரும்படி வண்டியை நகர்த்தி நிறுத்துங்கள். இல்லையென்றால் கேஜுக்குள் தண்ணீர் போய்விடும்.